பிணை

முத்தையன்கட்டுக் குளத்தின் மேற்குக் கரையில்
மருதுகள் வேரை நனைத்து நிற்கிற இடத்தில்
தண்ணீர் பிளேன்ரீ நிறம்.
ஊத்தை இல்லை. இலை.
எத்தனையோ மாரி விழுந்து, ஊறி, உருவம் போய்
மிஞ்சியது.
எது மருது, எது நாவல், எது விளாத்தி என்று
இனி எந்தக் கருவியும் பிரித்துச் சொல்லாது.
படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்:
கரிமம்.

மரங்களில் சிவப்பு மையால் எண் போட்டிருந்தது.
கரை அகலிக்கப் போகிறார்களாம்.

அருமைத்துரையின் வள்ளத்தில்தான் போனேன்.
அவருக்கு நாலு ஜப்பான் மீன்.
எனக்கு ஆறு போத்தல்,
அமிலத்தில் கழுவி, கையுறையோடு மட்டும் திறக்க வேண்டியவை.
"பச்சைப் பிள்ளைக்குப் பால் கரைக்கிற மாதிரியெல்லோ" என்றார்.
நான் தடுக்க முதல்
ஒரு கை அள்ளிக் குடித்தும் விட்டார்.

மின்முனையை இறக்கினேன்.
கட்டற்ற செம்பு:
இல்லை என்றே எழுதக்கூடிய அளவு.

வெள்ளிக்கிழமை, கிளிநொச்சி, மின்சாரம் வந்த பிறகு
அதே தண்ணீரில் நைத்திரிக்கமிலம் விட்டுக் காய்ச்சினேன்.
நிறம் போனது.
செம்பு வந்தது.
பின்னால் கொஞ்சம் ஈயமும்.

எங்கிருந்து?
மிளகாய்க்கு அடிக்கிற மருந்தாயிருக்கலாம்.
எரிந்துபோன மோட்டர் ஒன்றின் சுருளாயிருக்கலாம்.
மாரிக்கு மாரி மண் கழுவிக் காட்டுகிற
ரவைக்கோதாயும் இருக்கலாம்.
செம்பில் ஊர் எழுதியிருப்பதில்லை.

படிவத்தில் ஒரு நிரல். என்னிடம் இரண்டு எண்.
இரண்டும் பொய்யில்லை.

அடுத்த கிழமை அவரிடம் சொல்லிப் பார்த்தேன்:
தண்ணீருக்குள் இருக்கு, ஆனால் மீனுக்கு இல்லை.
செவுளைத் தொட அதுக்குக் கை ஓய்வில்லை.
"அப்ப ஆர் பிடிச்சு வைச்சிருக்கு?"

அந்தக் கேள்வியை அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.
வலையில் சிக்கிய பாசியை எடுத்தபடி.
எனக்குத்தான்
பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

உக்கின இலைதான், என்றேன்.
அதுக்கு நிறையக் கை.
சில, நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு பக்கத்தாலும் இறுக்கும்;
அவை கொஞ்சம்தான், முதலில் நிரம்பிவிடும்.
மிச்சமெல்லாம் தளர்ந்த பிடி.
இங்கத்தைச் சுண்ணாம்பும் வந்து
இடம் கேட்டு நெருக்கும்.
இதைப் பிணைப்பு என்கிறது.

எனக்கு அது பாடப்புத்தகச் சொல்.
அவருக்குக் கோட்டுச் சொல்.
போன வருசம் சிறுகண் வலைக்கு
முல்லைத்தீவில் மச்சான்தான் பிணை நின்றாராம்.
"பிணை எண்டால் தவணைக்குத் தவணை போய் முகம் காட்டோணும்.
இது எத்தினை வருசத்துக்கு?"

தெரியாது.
புளிப்பு ஏறினால் விடும்.
கை நிரம்பினால், பிறகு வருவதைப் பிடிக்காது.
வெயில் நிறத்தைத் தின்றாலும் விடும்.
வெயில் என்றதும் நிமிர்ந்து
எண் போட்ட மரங்களைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மீனைக் கோர்வையில் போட்டார்,
எனக்கு இரண்டு, காசு வேண்டாமென்று.

அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது.
"மிஸ், எது சரியான எண்?"
இரண்டும்.
"ஒண்டைச் சொல்லுங்கோ, பெட்டி ஒண்டுதான்."
இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி எழுதினேன்.
குறிப்பு என்ற இடத்தில்
மருது, ஒன்று முதல் இருபத்துமூன்று வரை, என்று எழுதினேன்.
அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று
எனக்கும் தெரியும்.

மீனைப் பொரித்தோம். ருசியாகத்தான் இருந்தது.

அமிலம் விடாத போத்தல் ஒன்று
குளிர்ப்பெட்டியில் இருக்கிறது,
யாரோ வைத்த தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில்.
கதவைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.
அதே நிறம்.
இன்னும் எதையும் விடவில்லை.